வடம் பிடித்த இரும்பு

வசந்தகுமார் அந்த இரும்பு மேசையின்மீது விரல் நகத்தை மெல்ல ஓட்டினான். மூன்று இடங்களில் நகம் தடுக்கிற்று. கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது தடுக்கியது இன்னதென்று விளங்கியது. நெற்றியில் இடும் திருநீற்றுப் பட்டையைப்போல் மூன்று கோடுகள், ஒரு சாண் நீளத்தில், இரும்பைத் தின்று பள்ளமாய்க் கிடந்தன. நடுவே குங்குமம் வைத்த இடம் ஒரு ரூபாய்க் காசளவு குழிந்திருந்தது.

அரிமளத்தில், நான்கு கட்டு வீடொன்றின் பின்புறத் தகரக் கொட்டகையில், அந்த மில்லிங் இயந்திரம் பதினான்கு ஆண்டுகளாக வேலையின்றி நின்றது. வீட்டுக்கு உரியவர் ஆதப்பன், சென்னைவாசி. முன்னோர்க்குச் செய்யும் குடும்பப் படைப்புக்காக ஊருக்கு வந்தவர், கொட்டகையை இடித்துக் கார் நிறுத்த இடம் செய்ய எண்ணினார். அதனால் இயந்திரம் விலைக்கு வந்தது. வாங்க வந்தவன் மேசையின் வடுவை உற்றுப் பார்ப்பதைக் கண்டதும் அவர் முகம் பெருமிதத்தால் மலர்ந்தது.

"வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு எங்க அப்பச்சி தன் கையாலயே பட்டை போடுவாக தம்பி. ஈரத்தோட அப்படியே விட்ருவாக. அடுத்த பூசை வரைக்கும் யாரும் தொடப்படாது."

இரும்புக்கு நீர் பகையென்று கொல்லன் வீட்டுக் குழந்தையும் அறியும். அறியாத கையொன்று நாற்பது ஆண்டுகள் இடைவிடாமல் வணங்கி, வணங்கப்பட்டதை அரித்து வைத்திருந்தது. தொழுத கைக்குத் தொழப்பட்ட பொருளின் இயல்பு தெரியாதபோது தொழுகையும் ஒருவகைத் துருவே. ஆதப்பனோ அந்தத் துருவையே காட்டி விலையை ஏற்றிச் சொன்னார். பூசை கண்ட இயந்திரம், கைராசி மிக்கது, பழைய இரும்பென்று எடை போட்டுக் கேட்பவனுக்குக் கொடுக்க மனம் வராது என்றார்.

திருச்சியில் பன்னிரண்டு ஆண்டுகள் இயந்திரங்களோடு வாழ்ந்தவன் வசந்தகுமார். மேசையின் மேற்பரப்பை ஒரு முறை சீவினால் பட்டையும் பொட்டும் மறைந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும். பார்க்கத் தக்கவை இரண்டு: மேசை நகரும் தடங்களும், வெட்டுளியைச் சுழற்றும் தண்டும். கைச்சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பினான், ஆட்டம் இல்லை. பாகாய் உறைந்த பழைய கிரீஸ் தடங்களைக் கண்ணிமைபோல் காத்திருந்தது. மகிழ்ச்சியை உள்ளே விழுங்கிக்கொண்டு, தொழுநோயைக் கண்டவனைப்போல் அந்த மூன்று கோடுகளையே காட்டிக் காட்டிப் பெருமூச்செறிந்தான். பெருமூச்சு ஒவ்வொன்றுக்கும் விலை ஒரு படி இறங்கி, கடைசியில் பழைய இரும்பின் விலைக்கே வந்து நின்றது. நல்ல கைக்குத்தான் போகிறது என்று ஆதப்பன் தம் தோல்விக்குத் தாமே மாலை சூட்டிக்கொண்டார். பட்டிக்காட்டான் ஒருவன் தலையில் துருவைக் கட்டிவிட்டோம் என்று அவரும், பட்டணத்து முட்டாள் ஒருவரிடம் பொன்னைப் பறித்துவிட்டோம் என்று இவனும் ஒருவரையொருவர் எள்ளியபடி கைகுலுக்கிப் பிரிந்தனர்.

அந்த இயந்திரம் அவனுக்கு விளையாட்டுப் பொருள் அன்று. திருவரங்குளத்துக்குத் தெற்கே வாகைவயல் என்னும் ஊரில், தேர்வீதியில், அவன் கடைசல் பட்டறை வைத்திருந்தான். கல் உடைக்கும் ஆலைகளுக்கு உருளைத் தண்டுகளைக் கடைந்து கொடுப்பது தொழில். தண்டைக் கடைய அவனிடம் லேத் உண்டு. கடைந்த தண்டில், சக்கரத்தைப் பூட்டும் சாவி அமரும் கீவே என்னும் பள்ளத்தை வெட்ட மில்லிங் இயந்திரம் வேண்டும். அதற்காக ஒவ்வொரு தண்டையும் திருச்சிக்கு ஏற்றி இறக்குவதிலேயே உழைப்பின் பயன் தேய்ந்தது. ஆலைகளுக்கு உறுப்புகள் செய்து தரும் திருச்சி நிறுவனம் ஒன்று ஓராண்டு வேலையை அவனுக்கே தருவதாகச் சொல்லியிருந்தது, ஒரே ஒரு நிபந்தனையோடு: இயந்திரம் அவன் பட்டறைக்குள் நிற்கவேண்டும். புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு ஹேமா என்னும் பொறியாளர் நேரில் வந்து, இடமும் நேரமும் தானே பதியும் கைபேசிப் படம் எடுப்பார். அன்றே பட்டியல் முடியும். நின்றால் வேலை, நில்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயர்.

ஆகவே புதன்கிழமை விடியும்போதே அவன் அரிமளத்தில் இருந்தான். மேசையைத் தாங்கும் பகுதியை அடிவரை இறக்கினான். மேல்கனம் குறைய இயந்திரத்தின் தலையைக் கவிழ்த்துப் பூட்டினான். அடிப்பாகத்தை இரண்டு கனத்த மரச்சட்டங்களின்மேல் போல்ட்டு போட்டு இறுக்கினான். ஹைட்ரா என்று எல்லோரும் சொல்லும் தூக்குவண்டி அதனைப் பட்டைக்கயிற்றில் தூக்கி லாரியில் வைத்தது. ஒன்றரை டன் இரும்பு குழந்தைபோல் அசையாமல் ஏறியது. லாரி முன்னும் ஹைட்ரா பின்னுமாகப் புதுக்கோட்டையைக் கடந்து, பதினொரு மணிக்கு வாகைவயல் எல்லையை அடைந்தன. அங்கேதான் மானுடச் சிறுமை குறுக்கே நின்றது.

சன்னதித் தெருவின் வாயிலில் ஒரு வளைவு. ரகுநாத் என்பவர் கட்டியது. முன்னாள் வார்டு உறுப்பினர். அடுத்த தேர்தலில் தலைவர் தாமே என்று தாமே சொல்லிக்கொள்பவர். வளைவில் இறைவன் திருப்பெயர் ஓரடி எழுத்தில் இருந்தது. கொடையாளரின் பெயர் இரண்டடி எழுத்தில். உயரத்தை மட்டும் சிக்கனமாக வைத்திருந்தார். இயந்திரத்தைச் சுமந்த லாரியும் நுழையாது. ஹைட்ராவின் கழுத்தும் நுழையாது. வேறு பாதையிலுள்ள வாய்க்கால் பாலமோ இந்த எடையைத் தாங்காது. ஹைட்ராக்காரன் இயந்திரத்தை வளைவின் முன்னே தெருவில் இறக்கிவைத்துவிட்டு, தன் வேலை முடிந்ததென்று போனான். பட்டறை அங்கிருந்து இருநூறு மீட்டர்: சன்னதித் தெரு, கீழ வீதி, பிறகு தெற்கு வீதி.

செய்தியறிந்து ரகுநாத் வெள்ளை வேட்டியும் கைபேசியுமாக வந்தார். தம் வளைவு தடையாயிற்றே என்ற கூச்சம் அவர் முகத்தில் மருந்துக்கும் இல்லை. நாற்பது டன் தேரையே நான்கு வீதியும் திருப்பிக் கொண்டுவரும் ஊரில் இந்தச் சுண்டைக்காய் எம்மாத்திரம், முட்டுக்கட்டைக்காரர்களைக் கூப்பிடு என்று சொல்லி, உடனே தாமே ஆள் அனுப்பினார்.

தேர் ஓடும்போது சக்கரத்தின் அடியில் ஆப்புப்போன்ற புளியங்கட்டையைச் செருகி, நிறுத்தவும் திருப்பவும் வல்லவர்கள் அவ்வூரில் ஆறு பேர். அவர்களில் மூத்தவர் நிலவழகன். அவருடைய பாட்டன் செருகிய கட்டையையே அவரும் செருகுகிறார். அந்தப் பெருமையை ஊருக்கு நாள்தோறும் நினைவூட்டாமல் அவர் வெற்றிலை போடுவதில்லை. முதல் கட்டை யாருடையது என்ற வழக்கில் மூன்று ஆண்டு தேர் நின்றுபோனதும் அவர் காலத்தில்தான். இயந்திரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, வசந்தகுமாரிடம் கணக்கைத் தெளிவாகச் சொன்னார்.

"கூலின்னா நாங்க ஆறு பேரும் கடப்பாறையோட வாரோம் மாப்ள. கட்டை வேணும்னா கூலி கெடையாது. கட்டை பரிவட்டத்துக்குத்தான் வரும்."

தேங்காய் உடைத்து, தலையில் துணி கட்டி, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால் வருவார்கள். வடம் இழுக்க ஊராரும் வருவார்கள். யாருக்கும் காசு தரவேண்டாம். வசந்தகுமாருக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. இருபது ஆள் கூலி ஆறு துண்டுத் துணியில் முடிகிறதே என்று அவன் மனம் துள்ளியது. ஈசனுக்கு ஆட்பட்ட கைகளை இலவசக் கைகளாகக் கண்டான் அவன். அவன் மனைவி வனிதா, பட்டறையிலிருந்து உருளைக் குழாய்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து நின்றவள், அவனைத் தனியே அழைத்தாள்.

"கூலியக் குடுத்து முடிச்சுவிடுங்க. மரியாதையக் குடுத்தா, பெறகு அவுக சொல்றதத்தான் நீங்க கேக்கணும்."

அவன் கேட்கவில்லை. நிலவழகனிடம் திரும்பி, "பரிவட்டமே கட்டிருவோம் மாமா. துண்டு என்ன பெரிய வெலையா?" என்றான். நிலவழகன் சிரிக்கவில்லை.

தேங்காய் வந்தது, துணி வந்தது, ராகுகாலமும் வந்தது. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை தேர் நகராது. ஒன்றரை மணிநேரம் வளைவின் நிழலில் அமர்ந்து, பரிவட்டத்தை முதலில் கட்டுவது மேலத்தெருவுக்கா கீழத்தெருவுக்கா என்று ஆறு பேரும் வாதிட்டனர். மூப்புக் கூறினார் ஒருவர்; கட்டையின் அகலம் கூறினார் ஒருவர்; பாட்டன் காலத்தில் சக்கரம் ஏறி விரல் போனதைச் சான்றாக்கினார் ஒருவர். இறைவன் எழுந்தருளாத ஓர் இரும்புக்கு முன்னே இறைவனுக்குரிய மரியாதையைப் பங்கிட்டுக்கொண்டிருந்த அவர்களில் ஒருவருக்கும் அதன் விந்தை உறைக்கவில்லை. வசந்தகுமார் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக நின்றான்.

ஒன்று முப்பத்தைந்துக்கு வடம் பிடித்தார்கள். மரச்சட்டத்தின் அடியில் இரும்புக் குழாய்கள்; பின்னால் விடுபடும் குழாயை எடுத்து முன்னால் போடுவது வசந்தகுமாரும் வனிதாவும். தேரின் மேல்தட்டில் நின்று துண்டை உயர்த்தினால் நகர்வது, தாழ்த்தினால் நிற்பது என்பது வழக்கம். அந்தப் பதவியை ரகுநாத் கேளாமலே ஏற்றார். வலக்கையில் துண்டு, இடக்கையில் கைபேசி. முகநூலில் நேரலை ஓடியது. வாகைவயலின் வளர்ச்சி, தம் முயற்சி, தொழிற்புரட்சி என்று அவர் வாய் ஓயவில்லை.

கட்டைக்காரர்களின் வேலையில் மட்டும் குறை சொல்ல இடமில்லை. சன்னதித் தெரு கீழ வீதியைச் சந்திக்கும் முனையில், ஒரு கட்டையை அரைச்சாண் சாய்த்துச் செருகினார் நிலவழகன். ஒன்றரை டன்னும் கதவு திறப்பதுபோல் தெற்கே திரும்பியது. தெற்கு வீதி முனையிலும் அவ்வாறே மேற்கே திரும்பியது. ஆனால் மேற்கே குளத்தை நோக்கிச் சற்றே சரிந்த சிமெண்டுச் சாலை அது. சரிவில் குழாய்கள் தாமாக உருண்டன. வடம் இழுத்தவர்களுக்கு உற்சாகம் பொங்கிற்று. பட்டறையின் வாசல் வடபுறத்தில் நெருங்கியது. வசந்தகுமார் நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினான். கட்டைக்காரர்கள் அவனைப் பார்க்கவில்லை. மரபுப்படி துண்டைப் பார்த்தார்கள். துண்டு உயர்ந்தே இருந்தது. துண்டுக்குரியவர் நேரலையில் தமக்கு வந்த வாழ்த்துகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் படித்துக்கொண்டிருந்தார்.

துண்டு தாழ்ந்தபோது இயந்திரம் பட்டறை வாசலைப் பன்னிரண்டு அடி கடந்து, அடுத்த வீட்டின் இரும்புக் கேட்டுக்கு நேரே நின்றது. மணி மூன்று.

"பன்னெண்டு அடிதான் மாமா. பின்னால தள்ளுனா அஞ்சு நிமிசம்," என்றான் வசந்தகுமார், மூச்சு வாங்க.

நிலவழகன் கட்டையை மண் தட்டித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"பின்னாலயா? தேங்கா ஒடைச்சிருக்கு, பரிவட்டம் கட்டிருக்கு, வடம் புடிச்சிருக்கு. பின்னால இழுக்க எங்க கை வராது மாப்ள. மேல வீதி, வடக்கு வீதி சுத்திக் கொண்டாந்து ஒன் வாசல்ல விடுறோம்."

"நாலு வீதியும் சுத்தி வர ஆறு மணி ஆகும். நாலு மணிக்கு ஆள் வருது மாமா. இது என்ன தேரா? இரும்பு."

"கூலிய மிச்சம் புடிக்கைல தேரா இருந்துச்சுல்ல?"

வடம் பிடித்தவர்கள் சிலர் சிரித்தார்கள். வசந்தகுமாரின் முகம் கறுத்தது. மரியாதையை மலிவான சரக்கென்று வாங்கியவனுக்கு அதன் முழு விலை அப்போதுதான் சொல்லப்பட்டது. கூலி தருகிறேன், இப்போதே தருகிறேன் என்று அவன் சட்டைப்பையில் கைவிட்டதைக் கண்டு ஆறு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தனியாகவாவது தள்ளலாமென்று அவன் கடப்பாறையை எடுத்துச் சட்டத்தின் அடியில் கொடுத்து நெம்பினான். மேடேறும் திசை அது, இயந்திரம் அசையவில்லை. கடப்பாறைதான் வழுக்கியது.

ரகுநாத் இந்த இடத்தில் தம் கடமையை உணர்ந்தார். கைபேசியை வசந்தகுமாரின் பக்கம் திருப்பி, உலகத்துக்கு அறிவித்தார்.

"நம்ம ஊர் தேர் ஒரு அடி பின்வாங்குனதா சரித்திரம் கெடையாது. மரபுன்னா மரபுதான். அதுல நான் யாருக்காகவும் விட்டுக் குடுக்க மாட்டேன்."

அவருடைய துண்டு தாழாததனால் வந்த வினை இது என்பதை அவ்வளவு பேரும் அறிவர். ஒருவரும் சொல்லவில்லை. வலியவன் பிழையைக் கண்டும் காணாதிருப்பதில் அவ்வூரார் எக்காலமும் பயிற்சி மிக்கவர்கள்.

அப்போது வசந்தகுமாரின் கைபேசி ஒலித்தது. ஹேமா பேசினார். புதுக்கோட்டையைத் தாண்டிவிட்டதாகவும், நான்கு மணிக்குச் சரியாக வந்துவிடுவதாகவும், வேறு இரண்டு பட்டறைகளையும் அன்றே பார்க்கவேண்டியிருப்பதால் காத்திருக்க இயலாதென்றும் சொல்லி வைத்துவிட்டார். வனிதா கணவனை ஏறிட்டுப் பார்த்தாள். முன்பே சொன்னேனே என்று வாய் திறக்கவில்லை. அந்தத் தயவுதான் அவனை மேலும் சுட்டது.

அவன் கடப்பாறையை ஊன்றிக்கொண்டு, இயந்திரம் நின்ற இடத்தைப் பார்த்தான். நேரே மேற்கே தெரு. வலப்பக்கம் திறந்தால் அடுத்த வீட்டின் கேட், கார் நுழையும் அகலம். கேட்டுக்குள் முற்றம். முற்றத்தின் வலப்பக்க எல்லை அவனுடைய பட்டறையின் சுவர். அடுத்த வீடு ரகுநாத்துடையது. வீடு கட்டியபோது அந்தப் பக்கம் தமக்கென்று மதில் எழுப்பாமல், வசந்தகுமாரின் சுவருக்கே தம் பக்கம் வண்ணம் பூசி மதிலாக்கிக்கொண்டவர் அவர். வண்ணம் பூசுமுன் கேட்கவுமில்லை. பூசியபின் நன்றி சொல்லவுமில்லை.

"மாமா, பின்னால வேணாம். முன்னாலயே போவோம்," என்றான் வசந்தகுமார். "இங்கிட்டு வலக்கைப் பக்கம் திருப்பி ரகு அண்ணன் கேட்டுக்குள்ள. உள்ள போயி மறுபடியும் வலக்கைப் பக்கம். அங்க என் சுவரு. நான் இடிச்சு வழி விடுறேன்."

நிலவழகன் கண்ணை மூடிக்கொண்டு விரலால் காற்றில் ஒரு முறை வரைந்து பார்த்தார். மேற்கு, வடக்கு, கிழக்கு. மற்ற ஐவரும் அவர் விரலையே பார்த்தார்கள். வளைவின் நிழலில் நடந்த சச்சரவுக்குப் பிறகு அவர்கள் முதன்முறையாக ஒருமனப்பட்டார்கள்.

"வலந்தான்," என்றார் அவர். "வலத்துக்குக் கட்டை வரும்."

ரகுநாத்தின் துண்டு மெல்லத் தாழ்ந்தது. கேட்டுக்குள் அவர் புதிதாய்ப் போட்ட வழவழப்பான தளம் வெயிலில் பளபளத்தது. அதன்மேல் செருப்போடு வந்த தபால்காரரைக்கூட அவர் கடிந்ததுண்டு.

"தம்பி, டைல்ஸ் போட்டு நாலு மாசங்கூட ஆகல," என்றார் முதலில். பிறகு குரலைத் தாழ்த்தி, கட்டைக்காரர்களிடம் திரும்பினார். "யோவ், இதென்ன சாமியா? வெறும் மெஷினு. பன்னெண்டு அடி பின்னால இழுத்தா என்ன கொறஞ்சா போயிரும்?"

கால் நாழிகைக்கு முன் உலகறியக் காத்த மரபு, தம் வீட்டுத் தளத்தின் ஓரத்தில் வந்ததும் அவரிடமிருந்து ஓசையின்றி இறங்கிப் போய்விட்டது. இத்தகையோர் நெஞ்சில் இறைவன் குடியிருப்பது வாடகைக்குத்தான். தம் சொத்துக்குச் சேதம் என்றால் அன்றே காலி செய்யச் சொல்வார்கள்.

நிலவழகன் அவருடைய இடக்கையைச் சுட்டினார்.

"அந்தப் போனு இன்னும் ஓடுது போலருக்கே. அதுலயும் இதச் சொல்லிருங்களேன்."

ரகுநாத் கைபேசியைப் பார்த்தார். உண்மையாகவே ஓடிக்கொண்டிருந்தது. நூற்று முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை அணைக்கவும் அவரால் இயலவில்லை, பேசவும் இயலவில்லை. கேட்டின் முன்னே கையை அகட்டி நின்றார்.

உள்ளிருந்து கேட்டின் தாழ் விலகியது. அவர் மனைவி புவனேஸ்வரி கர்ப்பூரத் தட்டோடு வந்து நின்றாள். நடந்த வாதம் எதுவும் அவளுக்குத் தெரியாது. வடம் தன் வாசலில் வந்து நின்றதைச் சன்னல் வழியே கண்டாள், தேர் நின்ற வாசலில் தட்டு எடுப்பது முறை, எடுத்து வந்தாள். அன்று அத்தெருவில் கூடிய அத்தனை பேரிலும், தனக்கென்று ஒன்றும் வேண்டாமல் கைகூப்பியவள் அவள் ஒருத்திதான்.

"வாசல் தேடி வந்துருக்கு. நடுவுல நிக்காதீங்க," என்று கணவனிடம் சொன்னாள். இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தாள்.

ரகுநாத் விலகினார். நேரலை நின்றது.

வசந்தகுமார் சம்மட்டியோடு பட்டறைக்குள் ஓடினான். கூரையைத் தாங்குவது இரும்புத் தூண்கள். சுவர் மறைப்புக்காக எழுப்பிய ஒற்றைக் கல் சுவர். ஏழாண்டுக்கு முன் அவனே கலவை குழைத்து எழுப்பியது. முதல் அடியில் உள்பூச்சு உதிர்ந்தது. மூன்றாம் அடியில் வெளிச்சம் தெரிந்தது. வனிதா லேத்தின்மேல் தார்ப்பாயை இழுத்து மூடினாள். வெளியே கட்டை செருகும் ஓசையும், குழாய் உருளும் ஓசையும், அவற்றுக்கிடையே தளக்கற்கள் ஒவ்வொன்றாக விரியும் ஓசையும் கேட்டன. ஒவ்வோர் ஓசைக்கும் ரகுநாத் ஒரு முறை கண் சிமிட்டினார். தளத்தின் வழவழப்பில் குழாய் சறுக்கக் கூடுமென்று கண்டு, நிலவழகன் சாக்குகளை நனைத்து விரிக்கச் சொன்னார். அதற்கான சாக்கும் ரகுநாத் வீட்டுக் கொட்டிலிலிருந்தே வந்தது.

மூன்று ஐம்பதுக்கு, எட்டடி அகலம் வாய்பிளந்த சுவரின் வழியே, கிழக்கு நோக்கி, இயந்திரம் பட்டறைக்குள் நுழைந்தது. தலை மேல்விளிம்பில் உரசாமல் இரண்டு விரல் இடம் விட்டது. வசந்தகுமார் சுண்ணாம்பால் தரையில் குறித்திருந்த நான்கு மூலைகளுக்கு நேரே நிலவழகன் கடைசிக் கட்டையைச் செருகினார். இரும்பு நின்றது. வந்தவர்கள் பரிவட்டத்தை அவிழ்த்து மடித்தார்கள். தேநீர் போடுகிறேன் என்று வனிதா சொன்னதற்கு, வேலை கிடக்கிறது என்று சொல்லிப் புறப்பட்டார்கள். வேலை ஒன்றும் கிடக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வசந்தகுமாரின் வீட்டுத் தேநீரை அன்று குடிப்பதில்லை என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அதைச் சொல்லிக் காட்டவும் வேண்டியதில்லை என்று எண்ணினார்கள்.

ஹேமா நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். பட்டறையின் வாசலில் நின்று, தலை முதல் கால்வரை சுண்ணப்பொடி படிந்த உரிமையாளனைப் பார்த்தார்; பிளந்த சுவரைப் பார்த்தார்; சுவருக்கு அப்பால் யாரோ ஒருவருடைய வீட்டு முற்றத்தில் நனைந்த சாக்குகளையும் நொறுங்கிய தளத்தையும் பார்த்தார். இயந்திரத்தின் எண் பொறித்த தகட்டைப் படம் எடுத்தார்; கைச்சக்கரத்தைச் சுழற்றி மேசை நகர்வதைக் கவனித்தார்; தண்டைப் பிடித்து அசைத்தார்; தலையைச் சிறிதே அசைத்துக்கொண்டார்.

முழு இயந்திரமும் தெரியும்படி இடப்பதிவுப் படம் எடுக்க அவர் பின்னே நகர்ந்தபோது, உடைந்த சுவரின் வழியே ரகுநாத் உள்ளே வந்தார். அதற்குள் வேட்டியை உதறித் துண்டைத் தோளில் ஒழுங்காகப் போட்டிருந்தார். படம் எடுக்கும் இடம் எதுவானாலும் அதில் நிற்பது தம் பிறப்புரிமை என்பது அவர் எண்ணம். தளம் உடைந்த துயரையும் அந்த எண்ணம் வென்றது. இயந்திரத்தின்மேல் ஒரு கையை வைத்துப் புன்னகைத்தார்.

"சார், நீங்க யாரு?" என்றார் ஹேமா.

"பக்கத்து வீடு."

"அப்ப பக்கத்து வீட்லயே நில்லுங்க."

ரகுநாத் வந்த வழியே போனார். படம் எடுத்தாயிற்று, மணி, இடம், எல்லாம் அதன் அடியில் பதிந்தன. ஹேமா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே சுவரை மறுமுறை பார்த்தார்.

"இது என்ன?"

"மெஷின் வந்த வழி மேடம். நாளைக்கே கட்டிருவேன்."

"கட்டுங்க. மழைத் தண்ணி மெஷின்ல படக்கூடாது. வெள்ளிக்கிழமை ஆறு ஷாஃப்ட் வரும். கீவே அளவுல முடியளவு தப்பு வந்தாலும் திருப்பி அனுப்பிடுவேன்."

அவர் காரில் ஏறிப் போனதும் வசந்தகுமார் இடிந்த சுவரின் கற்குவியல்மேல் அமர்ந்தான். ஓராண்டு வேலை கைக்கு வந்துவிட்டது. மகிழ்ச்சி வருமென்று காத்திருந்தான். அது வருவதற்கு முன்னே, தெருவில் வடத்தைச் சுருட்டிக்கொண்டு போகிறவர்களின் பேச்சொலி வந்தது. அவர்கள் அவனைப்பற்றிப் பேசவில்லை. வரும் வைகாசியில் முதல் கட்டை யாருடையது என்று பேசிக்கொண்டு போனார்கள்.

சுவரின் பிளவுக்கு அப்பால் ரகுநாத் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"டைல்ஸுக்கு யாருப்பா பதில் சொல்றது?"

"தேர் போன தடத்துக்கு ஊருல யாராச்சும் வெல கேட்டுருக்காங்களாண்ணே?" என்றான் வசந்தகுமார்.

ரகுநாத் வாயைத் திறந்தார். பின்னால் புவனேஸ்வரி தட்டோடு நிற்பதை உணர்ந்து மூடிக்கொண்டார். குனிந்து, விரிந்த கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணத் தொடங்கினார். பதினேழு வரை எண்ணியது இப்பக்கம் கேட்டது. அதற்குள் வசந்தகுமார் எழுந்து, மோட்டாருக்கு மின்கம்பி இழுக்கத் தொடங்கியிருந்தான்.